காவேரி பாயாத பேட்டை

எனக்குக் கும்பகோணத்து மாமா ஒருத்தர் உண்டு. கிண்டிக்கு வந்தால் காபிக்கு முன்னாலேயே இலக்கியம் ஆரம்பித்துவிடும். "தி.ஜானகிராமன், கு.ப.ரா., எம்.வி.வெங்கட்ராம்... எல்லாம் எங்க பக்கம்டா! காவேரித் தண்ணி அப்படி. உங்க கிண்டில என்ன இருக்கு? மானும் பாம்பும்தானே!" என்பார்.

கோவில்பட்டி நண்பர் அதற்கு மேல். இடைசெவல் என்கிற ஒரே கிராமத்தில் கி.ரா., கு.அழகிரிசாமி என்று இரண்டு சாகித்ய அகாடமிக்காரர்கள்!

நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். தென்சென்னைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்.

முதல் வரவு கிரேஸி மோகன். எங்கள் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் மாணவர். 1972-ல் கல்லூரிப் போட்டிக்காக எழுதிய 'கிரேட் பாங்க் ராபரி'தான் அவருடைய முதல் நாடகம். பரிசு கொடுத்தவர் கமல்ஹாசன்! பிற்பாடு அதே கமலுக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' வசனம் எழுதியதெல்லாம் உங்களுக்கே தெரியும். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய நாடகம் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. 'கிரேஸி' பேரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான். தஞ்சாவூர்க்காரர்கள் கதைக்குள் காவேரியை ஓடவிட்டார்கள் என்றால், இவர் தலைப்பிலேயே பாலவாக்கத்தைப் போட்டார். பகலில் சுந்தரம் கிளேட்டனில் உத்தியோகம், சாயங்காலம் சபா. பார்க்க வந்தவர்களும் ஆபீஸ் விட்டு வந்தவர்கள்தான். மானேஜர் ஜோக்குக்குக் கைதட்டல் விழாமல் இருக்குமா?

அடுத்த வரவு அசோகமித்திரன். பிறந்தது செகந்திராபாத், 1952-ல் சென்னைக்கு வந்தவர். இதே மவுண்ட் ரோடில் இருந்த ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்கு வேலை என்ன தெரியுமோ? பேப்பரில் வந்த சமாச்சாரங்களைக் கத்தரித்து ஃபைலில் வைப்பது! பார்த்தவர்கள் மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வேலையை விட்டார். அப்புறம் எழுத்தே கதி. தி.நகரில் குடித்தனம். தண்ணீருக்கு அல்லாடும் சென்னையை வைத்து அவர் எழுதிய நாவல்தான் 'தண்ணீர்'. மாமா ஊரில் ஆறு கதை கொடுத்தது. எங்கள் ஊரில் காய்ந்த குழாய் ஒரு நாவலே கொடுத்தது! 1996-ல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்கு அகாடமி பரிசும் வந்தது.

ஆக, எங்கள் பக்கத்து எழுத்து ஆற்றங்கரையில் முளைத்ததில்லை. ஆபீஸ் மேஜையில் முளைத்தது. இங்கே எழுதுகிறவனுக்கு உள்ள பெரிய கேள்வி மண்வாசனை இல்லை சார், வேலையில் இருந்துகொண்டு எழுதுவதா, விட்டுவிட்டு எழுதுவதா என்பதுதான்.

எனக்கு இது இலக்கிய விசாரம் இல்லை, வாடகை விசாரம். போன வருஷம் பார்த்துக்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரர்கள் மணியார்டர் யுகத்தை மறக்காதவர்கள். சன்மானம் சாவகாசமாகத்தான் வரும். மூன்றாவது மாசம் என் மனைவி பொறுமையாகச் சொன்னாள்: "அசோகமித்திரன் மாதிரி எழுதுங்க, வேண்டாங்கல. அவர் மாதிரி கஷ்டமும் படணும்னு யார் சொன்னா?"

பதில் சொல்ல முடியவில்லை. இப்போது காலையில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மத்தியானத்துக்கு மேல் இந்தப் பேனா. மோகனும் ஒருநாள் வேலையை விட்டார்தான்... எழுத்து சோறு போடும் என்று தெரிந்த பிறகு! அந்த நாள் எனக்கு வரும் வரை ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் நகைச்சுவையும் ஒரே மேஜையில்தான். இரண்டிலும் தப்பு வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.