புடவை வியாபாரமும் பிரிவு 195-உம்

தங்கமணி போன வருஷம் வீட்டிலிருந்தே புடவை வியாபாரம் ஆரம்பிச்சாங்க. நியூஜெர்சியில இது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா எச்-4 விசாவுல நாலு வருஷம் வீட்டுக்குள்ளயே இருந்தவங்களுக்கு, வேலை அனுமதி அட்டை வந்ததும் எடுத்து வச்ச முதல் அடி இது. அதனால "டைம்பாஸுக்கா?"ன்னு யாராவது கேட்டா சுர்ருன்னு ஏறும்.

வரி கணக்கு போட உட்கார்ந்தா, ஐஆர்எஸ்ஸும் அதே கேள்வியைத்தான் கேக்குது மக்களே! தொழிலா, பொழுதுபோக்கா? பொழுதுபோக்குன்னா வந்த காசுக்கு வரி உண்டு, செலவைக் கழிக்க முடியாது. 2018-ல இருந்து இதான் நிலைமை. தொழில்னா லாபம் பாக்கற எண்ணம் நிஜமாவே இருக்கணும். தனி பேங்க் கணக்கு, ரசீது, வரவு செலவு நோட்டு இதெல்லாம்தான் அதுக்கு சாட்சி.

அடுத்தது ஆரம்பச் செலவு. கடை திறக்கறதுக்கு முன்னாடி விளம்பரம், சரக்கு தர்றவங்களைத் தேடி அலைஞ்சதுன்னு ஆன செலவெல்லாம் பிரிவு 195-ல வரும். தொழில் தொடங்கின வருஷமே 5,000 டாலர் வரைக்கும் கழிச்சுக்கலாம். மிச்சத்தை 180 மாசத்துக்குப் பிரிக்கணும். உதாரணத்துக்கு 6,800 டாலர் செலவுன்னா, 5,000 உடனே. மீதி 1,800, மாசம் பத்து பத்து டாலரா பதினஞ்சு வருஷம்! மொத்தச் செலவு 50,000-ஐத் தாண்டினா அந்த 5,000 குறைய ஆரம்பிச்சு, 55,000-ல சைபராயிடும். எங்களுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம்தான், ஒரே வருஷத்துல முடிஞ்சுது.

இதுல ஒரு கொக்கி இருக்கு. கடையைத் திறந்தாதான் இந்தக் கழிவு. பொதுவா "என்ன வியாபாரம் பண்ணலாம்"னு விசாரிச்சுட்டு விட்டுட்டா, அது சொந்தச் செலவு, அவ்ளோதான்.

அப்புறம் ஊர்ப் பயணம். போனது அவங்க தம்பி கல்யாணத்துக்கு. நடுவுல ஒரு நாள் சேலம் பக்கத்துல இளம்பிள்ளைக்குப் போய் தறிக்காரங்களைப் பார்த்துட்டு வந்தாங்க. "பிளைட் டிக்கெட்டையும் சேர்த்துடலாமே"ன்னாங்க. ம்ஹூம். பயணத்தோட முதல் காரணம் கல்யாணம், அதனால டிக்கெட் கழியாது. இளம்பிள்ளைக்குப் போன கார் வாடகை மட்டும் கணக்குல ஏறுச்சு.

வாங்கின புடவைகள் ஆரம்பச் செலவுல சேராது, அது சரக்கு. பொதுவா வித்த பிறகுதான் அதோட விலை கழியும். அலமாரியில தூங்கற ஒவ்வொரு புடவையும் தூங்கற பணம். அதுல ரெண்டை அம்மணியே கட்டிக்கிட்டாங்க. அது சொந்த உபயோகம், கழிவு கிடையாது :-)

எல்லாம் போக சின்னதா ஒரு லாபம் நின்னுச்சு. 400 டாலரைத் தாண்டினதால 15.3 சதவீத சுயதொழில் வரி வேற. நான் புலம்பினேன். அவங்க புலம்பல. அந்த வரி கட்டினாதான் சோஷியல் செக்யூரிட்டியில அவங்க பேர்ல சம்பாத்தியம்னு ஒண்ணு ஏறும். இத்தனை வருஷமா அங்க இருந்தது வெறும் பூஜ்யம்.

படிவத்துல கையெழுத்துக்குப் பக்கத்துல தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. வழக்கமா அவங்களுக்கும் நான்தான் நிரப்புவேன், "ஹோம்மேக்கர்"னு. இந்தத் தடவை கீபோர்டை வாங்கி அவங்களே அடிச்சாங்க: "புடவை வியாபாரம்".

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், ஆடிட்டர் இல்ல. உங்க கணக்குக்கு உங்க ஆடிட்டரைக் கேளுங்க.