மூர் மார்க்கெட் இருந்த இடம்

மூர் மார்க்கெட் எரிந்து நாற்பது ஆண்டு தாண்டிவிட்டது. 1985 மே 30. இன்று சென்ட்ரலில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகளுக்கு மூர் மார்க்கெட் என்றால் முன்பதிவு வரிசையும் டிக்கெட் கவுன்ட்டரும் இருக்கிற பலமாடிக் கட்டடம். கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் போகிற வண்டிகள் அங்கிருந்து கிளம்புகின்றன. அந்த வளாகம் நிற்கிற மண்ணில்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ் முழுக்கப் புத்தகம் வாங்கியது, கிளி வாங்கியது, பழைய கிராமபோன் தட்டு வாங்கியது என்று சொன்னால் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பார்க்காத இடத்தை எப்படி நினைத்துப்பார்ப்பது?

சிவந்த கட்டடம். வளைவு வளைவாகத் தாழ்வாரம். நாற்புறமும் கடைகள், நடுவே திறந்த முற்றம். வெயில் காலத்தில் தாழ்வாரத்துக்குள் நுழைந்ததுமே உடம்பில் ஒரு குளிர்ச்சி தட்டும். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார், 1900-இல் திறந்தார்கள். வரைபடம் ஆர். இ. எல்லிஸ் போட்டது, கட்டியவர் சுப்பிரமணிய ஐயர். பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் இருந்த சந்தை சுகாதாரக் கேடாகிப் போனதால் அதற்கு மாற்றாகத்தான் இதைக் கட்டினார்கள். அதாவது மூர் மார்க்கெட்டே ஒரு இடமாற்றத்தில் பிறந்தது. பழைய கடைக்காரர்களுக்கு நல்ல இடம் தரவேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்து மாநகராட்சி யோசித்துக் கட்டிய கட்டடம் அது. இதை நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன்.

பெரம்பூரில் எங்கள் வீடு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் லோக்கல் பிடித்தால் வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ், அப்புறம் சென்ட்ரல். வெளியே வந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தாலே போதும், பட்டணத்தின் பெருமை எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். 1873-இல் எழுந்த சென்ட்ரல் ஸ்டேஷன், விக்டோரியா பப்ளிக் ஹால், 1913-இல் வந்த வெள்ளை ரிப்பன் மாளிகை, நடுவில் மூர் மார்க்கெட். பின்னால் பீப்பிள்ஸ் பார்க். அதற்குள் மிருகக்காட்சி சாலை. மெட்ராஸ் பாஷையில் அது ‘உயிர் காலேஜ்’. எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை இரண்டு காலேஜுக்கும் கூட்டிப்போய், நடுவில் மூர் மார்க்கெட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால்தான் மெட்ராஸ் காட்டியதாகக் கணக்கு.

மார்க்கெட்டுக்கு வெளியே மோடி மஸ்தான் வட்டம் கட்டியிருப்பான். ஒரு கூடையில் பாம்பு, ஒரு கயிற்றில் கீரி. இதோ சண்டை விடப்போகிறேன், இதோ விடப்போகிறேன் என்று தாயத்து விற்றுக்கொண்டே இருப்பான். சண்டையைப் பார்த்தவர் எவரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வட்டத்தைத் தாண்டி நடப்பார். அவருக்கு வேண்டியது உள்ளே இருந்தது.

பறவைக் கடைப் பக்கம் கிளியும் லவ் பேர்ட்ஸும் போடுகிற சத்தம். புறா, முயல், வெள்ளெலி, கண்ணாடித் தொட்டியில் மீன். அதைத் தாண்டினால் பழைய சாமான்: பித்தளைக் குத்துவிளக்கு, பூட்டு, ஒற்றைக் கைப்பிடி போன பீங்கான் கோப்பை, எங்கேயோ ஒரு பங்களாவில் இருந்து வந்த சுவர்க்கடிகாரம். ஏமாற்று வேலைக்கும் பேர் போன இடம்தான். அங்கே வாங்கின செருப்பு வீடு போய்ச் சேருமுன் வாயைப் பிளந்துவிடும் என்பார்கள். பேரம் பேசத் தெரியாதவன் மூர் மார்க்கெட் போகக்கூடாது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் ‘சாவு கிராக்கி’ என்று முதுகுக்குப் பின்னால் காதில் விழும்.

புத்தகக் கடைகளில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே எவ்வளவு நேரம் நின்று படித்தாலும் விரட்ட மாட்டார்கள். அப்பா வழக்கமாகப் போகிற கடை ஒரு பாயுடையது. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கு. கால் வைக்கிற இடம் தவிர மிச்சமெல்லாம் புத்தகம். பாய் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே “தம்பிக்கு இன்னா வோணும்?” என்பார். கேட்ட புத்தகம் எந்த அடுக்கில், எத்தனையாவது கீழே என்று அவருக்குத் தெரியும். உருவி எடுக்கும்போது மேலே இருக்கிறது சரியாது. இடது உள்ளங்கையை அடுக்கின்மேல் அழுத்திக்கொண்டு வலக்கையால் ஒரே இழுப்பு. விலையைப் பென்சிலால் முதல் பக்கத்து மூலையில் சின்னதாக எழுதியிருப்பார். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் புத்தகத்தைத் திரும்ப வைப்பார். பாய் இன்னொரு விலை சொல்வார். “கட்டுப்படியாகாது சார், வாங்கின விலையே அவ்ளோ” என்று ஒரு பேச்சு. கடைசியில் இருவருக்கும் சம்மதமான ஒரு தொகையில் நிற்கும். காலையில் போனால் மட்டும் பேரமே கிடையாது. “போணி நேரம் சார்” என்று பாய் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

அங்கே வாங்கியதில் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கல்கி இதழில் 1950-களின் தொடக்கத்தில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ அத்தியாயங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு பண்ணியது. மேலே காலிகோ துணி. முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், கீழே ‘திருவல்லிக்கேணி’. ஊசி நூல் கோத்த இடத்தில் கோந்து பழுப்பாகிவிட்டது. பின்னாளில் நான் வாங்கிய பதிப்பில் இல்லாத ஒன்று இதில் உண்டு: மணியம் வரைந்த படங்கள், அந்தந்த வாரம் அந்தந்த இடத்திலேயே. ஒரு பக்கத்தின் பின்புறம் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம். ஒரு ஓரத்தில் யாரோ பால் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் காத்திருந்து படித்த கதை, அவர் வீட்டார் எடைக்குப் போட்ட கட்டு, பாயின் அடுக்கு, அப்பாவின் பேரம், என் அலமாரி. மூர் மார்க்கெட் செய்த வேலை இதுதான். ஒரு வீடு வேண்டாம் என்று எறிந்ததை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுசேர்த்தது. தமிழில் பழைய இதழ் தேடுகிறவர்கள், முதல் பதிப்பு தேடுகிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் அந்தத் தாழ்வாரத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தவர்கள்தான்.

காலேஜ் பாடப்புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே அரை விலைக்கு வாங்கிப் படித்து வேலைக்குப் போனார்கள் என்பதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. நானும் அப்படி வாங்கினேன். வருஷம் முடிந்ததும் அதே கடையில் கொடுத்துவிட்டு அடுத்த வருஷத்துப் புத்தகம். ஓரத்தில் முந்தைய மாணவன் எழுதிய குறிப்புகள் இருந்தால் பாய் கூடுதலாகக் கேட்பார். அவை உதவும் என்று அவருக்குத் தெரியும்.

தீப்பிடித்த மறுநாள் போய்ப் பார்த்தேன். வளைவுகள் நின்றுகொண்டிருந்தன. உள்ளே கூரை இல்லை. தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீர் கருப்பாகத் தேங்கியிருந்தது. எரிந்த காகிதத்தைவிட நனைந்த காகிதம்தான் கண்ணில் பட்டது. ஓரங்கள் கருகி, நடுவில் எழுத்து அப்படியே இருக்க, ஊதிப்போய்க் கிடந்த கட்டுகள். ஒரு கடைக்காரர் அதைக் குனிந்து குனிந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பறவைக் கடைப் பக்கம் நான் போகவில்லை. தீ எப்படி வந்தது என்று அன்றைக்குப் பட்டணத்தில் பேசாத ஆள் கிடையாது. ரயில்வேக்கு அந்த இடம் வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் பேச்சு நிற்கவேயில்லை. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் புது மிருகக்காட்சி சாலையைத் திறந்தார்கள். உயிர் காலேஜும் போய்விட்டது. சில மாதங்களுக்குள் அந்தச் சுற்றுப்புறமே வேறு ஊராகிவிட்டது.

அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். அவர் நிதானமாகத்தான் இருந்தார். “ரயிலுக்கு எடம் வேணும்டா. காலையில் லோக்கல்ல தொங்கிக்கிட்டு வர்ற ஜனத்தை நான் தினம் பாக்கறேன். அதுங்களும் மனுஷங்கதானே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா பாயை எங்கடா தேடுறது?” என்றார்.

அப்பா சொன்ன இரண்டும் உண்மை. புறநகர் வண்டிகளுக்குத் தனி நிலையம் தேவைப்பட்டது. இன்று வடக்கிலும் மேற்கிலும் இருந்து வேலைக்கு வந்துபோகிற ஜனத்திரளைப் பார்த்தால் அந்தத் தேவையை மறுக்க முடியாது. ஆனால் நின்ற சுவர்களை வைத்துக்கொண்டே கட்டியிருக்க முடியாதா? முகப்பையும் தாழ்வாரத்தையும் நிறுத்தி, கூரை போட்டு, பின்னால் மாடி எழுப்பியிருந்தால் ரயில் ஏறப் போகிற ஜனம் முழுக்க அந்தத் தாழ்வாரம் வழியாகவே நடந்திருக்கும். அப்போது அப்படி யோசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த எந்த ஏற்பாடும் இல்லை. பின்னால் 2006-இல் அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியதோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னது. மூர் மார்க்கெட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்திலேயே இருக்கிற விக்டோரியா ஹாலை இப்போது மாநகராட்சி எவ்வளவு அக்கறையாகச் சீர்செய்திருக்கிறது பாருங்கள். மனசு வைத்தால் முடிகிறது.

கடைக்காரர்களை அடியோடு கைவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அல்லிக்குளத்தில் வணிக வளாகம் கட்டி இடம் கொடுத்தார்கள். பெயருக்குக் குளம்; குளத்தைத் தூர்த்துத்தான் கட்டினார்கள். ஆனால் அங்கே போகவேண்டுமென்று நினைத்துப் போனால்தான் போக முடியும். மூர் மார்க்கெட் அப்படி இல்லை. ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கிறவன், உயிர் காலேஜ் பார்த்துவிட்டு வருகிறவன், மழைக்கு ஒதுங்கியவன் எல்லோரும் தானாக உள்ளே நுழைவார்கள். ஒன்றுமே வாங்க நினைக்காமல் வந்தவன் கையில் ஒரு புத்தகத்தோடு போவான். அந்த வியாபாரமே வழிப்போக்கனை நம்பியது. வழி போனதும் வியாபாரம் போயிற்று. வளாகத்தில் பிற்பாடு நீதிமன்றங்கள் இயங்கின. ஜாமீனுக்கு வந்து நிற்கிறவன் பழைய புத்தகம் புரட்டுவானா?

1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறி மொத்த வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அப்போதும் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனாலும் கோயம்பேடு நிலைத்தது. மூட்டை கணக்கில் வாங்குகிறவன் மார்க்கெட் எங்கே போனாலும் லாரி எடுத்துக்கொண்டு தேடி வந்தாக வேண்டும். பழைய புத்தகத்தை அப்படி யாரும் தேடி வர மாட்டார்கள். இரண்டு சந்தைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத் திட்டம் போடுகிறவர்கள் கவனித்திருந்தால் அல்லிக்குளத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். கட்டடம் போனது நஷ்டம்தான். கடைகள் சிதறியது அதைவிடப் பெரிய நஷ்டம் என்பேன். பாய் கொஞ்ச நாள் ஒரு நடைபாதையில் கடை போட்டிருந்ததாகக் கேள்விப்பட்டு அப்பா போனார். பார்க்க முடியவில்லை.

ரயில்வே வளாகத்தில் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். நினைவு வைத்ததற்கு நன்றி. ஆனால் வைத்திருப்பது கட்டடத்தின் உருவத்தை மட்டும்தான்.

இப்போது பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் இடித்துவிட்டுப் பெரிய போக்குவரத்து வளாகம் கட்டும் திட்டம் வந்திருக்கிறது. மூர் மார்க்கெட்டுக்கு முன்னால் சந்தை இருந்த அதே பிராட்வே. தேவையான வேலை; பழைய நிலையத்தில் மழைக்காலத்தில் நின்று பஸ் பிடித்த யாரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். மாநகராட்சியிடம் நான் கேட்பது ஒன்றுதான். அங்கே இத்தனை காலம் பூட்டு சாவி, பேனா, பெல்ட், குடை, பழம் விற்றுப் பிழைத்தவர்களின் பட்டியலை முதல் கல் பெயர்க்குமுன் எடுங்கள். புது வளாகத்தில் அவர்களுக்கு மூன்றாவது மாடி மூலை வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஜனம் நடந்து போகிற வழியிலேயே, தரைத்தளத்தில், அவர்கள் கட்டக்கூடிய வாடகைக்கு இடம் ஒதுக்குங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே தற்காலிகக் கடை கொடுங்கள். அதை வரைபடத்திலேயே குறியுங்கள்.