பேச வருகிறவர் என்ன கேட்கிறார்?

பேச்சை முதலில் வைப்பதா, சாப்பாட்டை முதலில் வைப்பதா என்பதில்தான் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தின் தலைவிதி இருக்கிறது. சாப்பாட்டை முன்னால் வைத்தால் பாதிப் பேர் கை கழுவப் போகிற சாக்கில் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். மீதிப் பேர் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார்கள். பேச்சை முன்னால் வைத்தால் கூட்டம் கலையாது. ஆனால் சாம்பார் வாசனை ஹாலுக்குள் வந்துவிட்டால் அதன் பிறகு விருந்தினர் சொல்வது எதுவும் யார் காதிலும் ஏறாது. ஆகவே ஏழரைக்கு மணி அடித்து, எட்டுக்குள் சங்க அலுவல்களை முடித்து, இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி, அப்புறம் இட்லி. கரிசல் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் ப்ரோக்ராம் சேர்மன் என்கிற பொறுப்பை என் தலையில் கட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. ஜூலை முதல் தேதி வந்தால் தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார். நான் மாறுவதில்லை. இந்த வேலைக்கு வேறு யாரும் ஆசைப்படுவதில்லை என்பதுதான் காரணம்.

"அடுத்த வாரத்துக்கு யாரையாவது பிடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?" என்று தலைவர் போன் செய்வார். 'யாரையாவது' என்பதில்தான் எனக்குச் சண்டை. ரோட்டரி தொடங்கிய இடத்தில் 'யாரையாவது' கிடையாது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரோடு உட்கார்ந்தார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். அதன் பிறகு ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துக் கூடினார்கள். சுழன்று சுழன்று கூடியதால்தான் சங்கத்துக்கு அந்தப் பெயர். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது ஆரம்ப கால விதி. அதன் மிச்சமாக, புதிதாகச் சேருகிறவர் தன் தொழிலைப் பற்றி ஒருநாள் பேசுவது எங்களிடம் இன்றும் வழக்கம். நான் கேட்ட நல்ல பேச்சுகளில் பல இந்த வகையில் வந்தவை. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ், இரண்டும் உரசினால்தான் நெருப்பு என்று விளக்கியபோது, தீப்பெட்டி ஊரிலேயே பிறந்து வளர்ந்த டாக்டர் ஒருவர் பையில் இருந்து பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடைப் பேச்சாளர் எவராலும் அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது.

நல்ல பேச்சு வேறு, சங்கத்துக்கு உதவுகிற பேச்சு வேறு. பின்னதற்கு இலக்கணம் எங்களிடம் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். 1917-ல் தொடங்கிய லயன்ஸ் சங்கத்தார் 1925-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சீடர் பாயிண்ட் என்ற இடத்தில் மாநாடு கூட்டினார்கள். அங்கே விருந்தினராக வந்தவர் ஹெலன் கெல்லர். கண்ணும் காதும் இல்லாத அந்த அம்மையார் தன் வாழ்க்கைக் கதையை உருக்கமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் ஒரு கோரிக்கை வைத்தார். பார்வையற்றவர்களுக்காகக் களத்தில் இறங்குங்கள், அதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டார்கள். இன்று தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை லயன்ஸ் கண் சிகிச்சை முகாம் நடக்கிறது என்றால் அதன் வேர் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் எளியது. விருந்தினரை அழைக்கப் போகும்போது "எதைப் பற்றிப் பேசுவீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் 'இளைஞர்களும் எதிர்காலமும்' என்று தலைப்பு வரும். "உங்களிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தப்பு எது? அதில் எங்களால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?" என்று கேட்பேன். போனில் கேட்டால் பதில் வராது. அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போய், அவர் கை வேலையாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் தானாக வரும்.

ரத்த வங்கி ஊழியர் ஒருவரிடம் அப்படித்தான் வந்தது. ரத்ததான முகாம் நடத்துவதில் எங்கள் சங்கத்துக்குப் பெருமை அதிகம். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, பதவியேற்பு நாள் என்று பேனர் கட்டி நடத்துவோம். அவர் மேடையில் கணக்கை மட்டும் சொன்னார். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்கள் ஐந்தே நாள். ஊரில் உள்ள எல்லாச் சங்கங்களும், கட்சிக்காரர்களும், ரசிகர் மன்றங்களும் ஒரே வாரத்தில் கொடுத்தால் ஃபிரிட்ஜ் நிரம்பும். கொடுத்த ஆண்கள் மூன்று மாதத்துக்கு மறுபடி கொடுக்க முடியாது, பெண்கள் நான்கு மாதத்துக்கு. நடுவில் ஒரு பிரசவத்தில் ரத்தப்போக்கு என்றால் அலைய வேண்டியதுதான். "சார், முகாமை விட எனக்கு நூறு போன் நம்பர் வேணும். குரூப் வாரியா, கூப்பிட்டா வர்ற ஆளா" என்றார். பேனர் கட்ட முடியாத வேலை என்பதால் சங்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் பட்டியல் தயாரானது. முகாமும் யாருக்கும் விசேஷமில்லாத மாதங்களுக்கு நகர்ந்தது.

மைக்கைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களிடம்தான் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது. இதுதான் என் தொழிலின் பெரிய சிக்கல். கிராம சுகாதார செவிலியர் ஒருவரை அழைத்தபோது, "நா என்னத்த சார் மைக்குல பேசுவேன்? ஊசி போடச் சொல்லுங்க, போடுதேன்" என்றார். அதனால் மேடையை விட்டுவிட்டோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நான் கேள்வி கேட்க, அவர் பதில் சொன்னார். மைக்கை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். பாம்புக்கடி பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் பக்கம் நல்ல பாம்பும் விரியனும் எல்லோருக்கும் தெரியும். அவர் பயந்தது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி பெரிதாகத் தெரியாது, பல் பட்ட தடமும் சில நேரம் இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண் இமை சொருகுகிறது என்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் அஜீரணம் என்று நினைத்துக் கஷாயம் கொடுப்பார்கள். கடித்தது தெரிந்தாலோ கயிறு கட்டுவார்கள், கீறுவார்கள், பார்வை பார்க்கிறவரிடம் ஓடுவார்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும். போய்ச் சேருகிற நேரம்தான் உயிர்.

கேள்வி நேரத்தில் உறுப்பினர் ஒருவரின் மனைவி, "தரையில படுக்காதீங்கன்னு சொல்லலாம், கட்டில் வாங்க முடியாதவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார். உறுப்பினர்களின் மனைவிகளை எங்கள் வழக்கில் 'ஆன்ஸ்' என்போம். பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று ரோட்டரி விதியை மாற்றியதே 1989-ல்தான். எங்கள் சங்கத்தில் அந்த விதி வந்து சேர்ந்தது இன்னும் தாமதமாக. ஆனால் உருப்படியான கேள்விகள் அந்தப் பக்கத்து நாற்காலிகளிலிருந்துதான் வருகின்றன. செவிலியர் யோசிக்கவே இல்லை. "கொசுவலை போதும். ஓரத்தப் பாய்க்கு அடியில நல்லாச் சொருகணும், அவ்வளவுதான்" என்றார். அந்த வருடம் தீபாவளிக்கு இலவச வேட்டி சேலைக்கு ஒதுக்கிய தொகை கொசுவலைக்குப் போனது. வலையைக் கட்ட ஆணி அடிக்க முடியாத ஓலை வீடுகளுக்கு, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் கம்பிச் சட்டம் அடித்துக் கொடுத்தார். அவருடைய தொழில் அறிமுகப் பேச்சுக்கு யாரும் சரியாகக் காது கொடுக்கவில்லை என்ற வருத்தமும் அத்தோடு தீர்ந்தது.

கேட்கும்படி எதுவும் இல்லாத பேச்சாளர்களும் வருவார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அந்த ரகம். கூட்டம் சிரிக்கும், கைதட்டும், செல்ஃபி எடுக்கும். மறுநாள் என்ன பேசினார் என்று கேட்டால் ஒரு ஜோக் மட்டும் ஞாபகம் இருக்கும். அதிகாரிகள் வந்தால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல் வரும், கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் தன் தெருச் சாக்கடையைக் கொண்டு வந்து நிறுத்துவார். கேள்வி என்ற பெயரில் தனிப் பேச்சு நிகழ்த்துகிறவர் எல்லாச் சங்கத்திலும் ஒருவர் உண்டு. எங்களுடையவருக்கு நான் நன்றியுரையை ஒதுக்கிவிட்டேன். இரண்டே நிமிடம் என்று சொல்லித்தான்.

மரியாதைகளில் சிலவற்றை ஒழித்திருக்கிறேன், சிலவற்றைக் கூட்டியிருக்கிறேன். அறிமுக உரையில் விருந்தினரின் பட்டங்களை வாசிப்பதை நிறுத்தியாயிற்று. பொன்னாடை போடுவதை நிறுத்த முடியவில்லை. கேடயத்துக்குப் பதில் அவர் வேலைக்குப் பயன்படுகிற பொருள் ஒன்று: செவிலியருக்கு நல்ல டார்ச், ரத்த வங்கிக்காரருக்கு ஃபிளாஸ்க். நாங்கள் பேச்சுக்குப் பணம் தருவதில்லை. ஆனால் ஆளை வீட்டிலிருந்து அழைத்து வந்து, சாப்பிட வைத்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பெண் விருந்தினர் என்றால் உறுப்பினர் ஒருவர் மனைவியோடு காரில் போவார். திரும்பிப் போகிற அந்தக் காரில்தான் மேடையில் சொல்லாமல் விட்டது வெளியே வரும்.

ஒரு கோரிக்கையை எத்தனை வருடம் தூக்கிச் சுமப்பது என்பதற்கு எங்கள் அமைப்பிலேயே ஒரு கணக்கு உண்டு. போலியோ ஒழிப்பை ரோட்டரி உலக அளவில் எடுத்தது 1985-ல். இந்தியாவின் கடைசி நோயாளி மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்தில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. நாடு போலியோ இல்லாதது என்று சான்று கிடைத்தது 2014 மார்ச்சில். சொட்டு மருந்து முகாம்களுக்கு டீயும் டிபனும் சுமந்த ஊர்ச் சங்கங்கள் நடுவில் எத்தனை தலைவர்களைப் பார்த்திருக்கும்! ஒரு வருடப் பதவிக்காரர்களிடம் இதை விளக்குவதுதான் கஷ்டம். ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் ஒரு புது ப்ராஜெக்ட் வேண்டும்.

இந்த ஜூலையில் வரப்போகும் தலைவர் பதவியேற்பு விழாவுக்குப் பட்டிமன்ற நடுவர் ஒருவரைக் கேட்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போகட்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தை மட்டும் எனக்கு விடச் சொல்லியிருக்கிறேன். மின்வாரிய லைன்மேன் ஒருவரைப் போய்ப் பார்த்து வந்தேன். கம்பத்தடியில் உட்கார்ந்துதான் பேசினோம். மழைக்கு முன்னால் தோட்டத்து மோட்டார் இணைப்புகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊருக்கு நாலு ஆள் வேண்டுமாம். வட்டமாக நாற்காலி போடுவதா, மேடையா என்று அவரிடம் கேட்டேன். "நின்னுக்கிட்டே பேசுதேன் அண்ணாச்சி, எனக்கு அதுதான் பழக்கம்" என்றார்.