மரத்தின் மேல் இருப்பவளுக்கு வளைகாப்பு

ஹர்கிலா அழகான பறவை அல்ல. ஏறக்குறைய ஐந்தடி உயரம், முடியில்லாத தலை, கழுத்துக்குக் கீழே தொங்கும் பை. பிணத்தையும் குப்பையையும் தின்னும் நாரை இது. எலும்பை விழுங்குவது என்பதே அந்தப் பெயரின் பொருள். அசாமில் அது கூடு கட்டுவது ஊருக்குள், வீட்டுக் கொல்லைகளின் உயர்ந்த மரங்களில். மேலிருந்து அழுகிய இறைச்சியும் எச்சமும் முற்றத்தில் விழும். அபசகுனம் என்ற பழியும் உண்டு. மரத்தையே வெட்டிவிடுவார்கள்.

2007இல் பூர்ணிமா தேவி பர்மன் இந்தப் பறவையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். தாதரா கிராமத்தில் ஒருவர் மரத்தை வெட்ட, ஒன்பது குஞ்சுகள் கூட்டோடு கீழே விழுந்தன. கேட்கப் போனவரை அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். ஆய்வை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் ஊர்ப் பெண்களிடம் போனார். பட்டம் 2019இல்தான் வந்தது.

ஏன் பெண்களிடம்? முற்றத்தைப் பெருக்குகிறவள் எந்த ஊரிலும் பெண்தான். மரத்தை வெட்டு என்று சொல்ல அதிகக் காரணம் உள்ளவளும் அவளே. பர்மன் சமையல் போட்டி நடத்தி அவர்களைக் கூட்டினார். கர்ப்பிணிகளுக்கு அங்கே நடக்கும் பஞ்சாம்ரித் சடங்கை, கூடு கட்டும் பருவத்தில் ஹர்கிலாவுக்கு நடத்தினார்கள். பாட்டும் பலகாரமுமாக, ஒரு பறவைக்கு வளைகாப்பு.

முதுகலை வகுப்பில் இந்தப் படங்களைக் காட்டினேன். சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை நடத்திய வாரம் அது. அங்கே நாரை கணவனின் தூது. மனைவி ஊரில் காத்திருப்பவள். ஒரு மாணவி கேட்டாள்: "பறவையக் காப்பாத்தணும்னாலும் அத அம்மாவாக்கித்தான் காப்பாத்தணுமா மேடம்?"

அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள். எனக்குப் பிள்ளை இல்லை. வளைகாப்பு வீடுகளில் சந்தனக் கிண்ணம் என்னிடம் வருமுன் யாராவது ஒரு சித்தி, "நீ சாப்பிடப் போம்மா, பந்தி போட்டாச்சு" என்பார். அன்பாகத்தான் சொல்வார். கணவரை இழந்த என் பெரியம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை. புளிசாதமும் எலுமிச்சை சாதமும் அவர் கைப்பக்குவம். வளையல் மட்டும் அவர் கையால் கூடாது. தாய்மையை மணையில் உட்கார வைக்கும் எந்தச் சடங்கும் எனக்கு உறுத்தும்.

ஆனால் தாதராவின் சடங்கில் மணை கீழே இல்லை. கருவுற்றவள் மரத்தின் மேல் இருக்கிறாள். கீழே நிற்பவர்களில் யார் பெற்றவள், யார் பெறாதவள், யாருக்குக் கணவன் இருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்தப் பெண்கள் இன்று ஹர்கிலா படை, பல்லாயிரம் பேர். விழும் குஞ்சைத் தாங்க மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். மேகலா சாதரிலும் கமோசாவிலும் ஹர்கிலாவை நெய்து விற்கிறார்கள். பறவை பார்க்க வருகிறவர் துணி வாங்கினால் தறிக்காரியின் கையில் காசு நிற்கிறது. தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி ஊர்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. செம்பட்டியலில் அழியும் நிலையில் இருந்த இனம், 2023இல் அச்சுறுத்தலை நெருங்கும் நிலை என்ற, ஆபத்துக் குறைந்த வகைக்கு மாறியது.

அம்மாவாக்கியது ஒரு தந்திரம்தான் என்று மாணவியிடம் சொன்னேன். பெண்ணை அளக்க வைத்திருந்த கோலைப் பிடுங்கிப் பறவைக்குப் பந்தல்கால் நட்ட தந்திரம். முட்டையிடாத பறவைக்கும் மரம் வேண்டும் என்று அவள் மறுத்தாள். அதுவும் சரிதான்.

அடுத்த மாதம் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முதலில் அடுப்படிக்குப் போவதாக இருக்கிறேன்.