"எதை வச்சுச் சொல்றே?"

டாக்டர், நர்சுகளின் படிப்பெல்லாம் பரீட்சையோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நோயாளியைப் பார்த்து "இது இன்னது" என்று யோசித்துச் சொல்லும் திறமை, வேலை பார்க்கும் இடத்தில்தான் வளருகிறதாம். அதை நான் கண்ணால் பார்த்தது, காக்களூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில்.

என் மகளின் எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாக இருமல். தூக்கிக் கொண்டு போனோம். புதிதாக வந்திருந்த சின்ன நர்ஸ், "சளிதான் அக்கா, இப்ப எல்லாக் குழந்தைக்கும் இருக்கு" என்றாள்.

பெரிய நர்சம்மா கோபிக்கவில்லை. "இருக்கட்டும். எதை வச்சுச் சொல்றே?" என்றார்.

அவள் விழித்தாள். உடனே குழந்தையின் சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணப் போனாள்.

"அழற குழந்தைகிட்ட எண்ணினா கணக்குத் தப்பும் கண்ணு. பால் குடிச்சு அமரட்டும்."

காத்திருந்தோம். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள். 56! மறுபடி எண்ணச் சொன்னார். 54.

"இப்ப சொல்லு."

"ரெண்டு மாசத்திலேருந்து ஒரு வயசு வரைக்கும் 50-ம் அதுக்கு மேலேயும் போனா வேக மூச்சு. நிமோனியாவா இருக்கலாம்க்கா."

"அப்புறம் என்ன பார்ப்பே?"

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகுதான் என் மகளிடம், "பால் எப்படிம்மா குடிக்கிறான்?" என்று கேட்டாள். காலையிலிருந்து நாலு வாய் குடித்து விட்டு விட்டு மூச்சு வாங்குகிறான் என்று இவள் சொன்னதும், பெரியவர் சின்னவளை ஒரு பார்வை பார்த்தார். "இதை முதல்லேயே கேட்டிருக்கணும்" என்று அர்த்தம்! அன்றே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் பார்த்து, நிமோனியாதான் என்று மருந்து கொடுத்தார்.

இந்த மூச்சு எண்ணும் முறைக்கு ஒரு கதை உண்டு. எக்ஸ்ரே வசதி எளிதில் கிடைக்காத பப்புவா நியூகினியில், டாக்டர் ஃபிராங்க் ஷான் குழந்தைகளைக் கவனித்து, வேக மூச்சே நிமோனியாவுக்கு நல்ல அடையாளம் என்று 1984-ல் எழுதினார். பிறகு உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துக் கொண்டது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் மேலும் போனால் வேகம். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60. இந்த எண்களைச் சின்ன நர்ஸ் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தாள். அவற்றை எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பழகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்தது. மூன்றாம் நாள் பெரியவர் அவளையே எங்கள் வீட்டுக்கு அனுப்பி, மறுபடி எண்ணச் சொன்னார். 38. குழந்தையும் சிரித்தது. "முதல்ல நான் நினைச்சது, அப்புறம் பார்த்தது, இப்ப இருக்கறது, மூணையும் எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்க" என்று நோட்டைக் காட்டினாள். டாக்டரிடம் அனுப்பியதோடு விட்டிருந்தால், தான் நினைத்தது சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

2022-ல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வார்டில் பெரிய டாக்டர், "நீ என்னன்னு நினைக்கிறே?" என்று மாணவரைக் கேட்டால், "நம்ம பிள்ளையை வச்சுப் பாடம் நடத்துறாங்களே" என்று முகம் சுளிக்காதீர்கள். எத்தனை நாளாக இருமல், பால் குடிக்கிறதா, வாந்தி உண்டா, ராத்திரி தூங்கியதா, எல்லாவற்றையும் அந்த மாணவரிடமும் விவரமாகச் சொல்லுங்கள்.