தொண்ணூற்றைந்துக்கு ஒருவர்

நம் பாட்டனார் காலத்தில் தெரு முனையில் சீமைத் துணியைக் குவித்துக் கொளுத்தினார்கள் அல்லவா? அந்தத் துணிக்குப் பிறந்த வீடு எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பையன்கூட "மாஞ்செஸ்டர்" என்று சொல்லிவிடுவான். அந்த நகரத்தை 2017-ம் வருஷத்தில் ஒரு முறை பார்த்து வரும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. வானை மறைக்கும் ஆலைப் புகையை எதிர்பார்த்துப் போனோம். அங்கே மழைதான் வரவேற்றது. ஆலைகளின் சங்கு ஓய்ந்து வெகு காலமாகிவிட்டது. ஒரு சமயம் உலகத்துக்கே உடுத்தத் துணி அனுப்பிய ஆலைக் கட்டிடங்களில் இப்போது ஜனங்கள் குடித்தனம் செய்கிறார்கள்.

ஆலை இல்லாவிட்டால் வேறு என்ன பார்ப்பது என்று திகைத்தபோது, அவ்வூரிலேயே பல ஆண்டுகளாக வசித்துவரும் நண்பர் ஒருவர், "வாருங்கள், எங்கள் நகரசபையைக் காட்டுகிறேன்" என்றார்.

"நகரசபை நம் ஊரிலும்தான் இருக்கிறதே! அதைப் பார்க்கக் கடல் கடந்து வரவேண்டுமா?" என்றோம்.

"இந்த நகரசபையில் 96 அங்கத்தினர்கள். அவர்களில் 95 பேர் ஒரே கட்சி. இப்படிப்பட்ட சபையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

கேள்வி நம்மை மடக்கிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

சிறை சென்றவரின் மணி

ஆல்பர்ட் சதுக்கத்தில் நகர மண்டபம் நிற்கிறது. வாட்டர்ஹவுஸ் என்ற சிற்பி சமைத்தது. 280 அடி உயரமுள்ள கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 1877-ம் வருஷத்தில் கட்டிடம் பூர்த்தியாயிற்று. திறந்துவைக்க விக்டோரியா மகாராணியை அழைத்தார்கள், மகாராணி வரவில்லை. அப்போது மேயராக இருந்த ஏபெல் ஹேவுட் என்பவரே திறந்துவைத்தார்.

இந்த ஏபெல் ஹேவுட் யார் தெரியுமா? அந்த நாளில் பத்திரிகைகளின் மீது முத்திரை வரி இருந்தது. ஏழைகள் பத்திரிகை படித்துக் கெட்டுப்போகாமலிருக்கச் சர்க்கார் செய்திருந்த ஏற்பாடு அது! ஹேவுட் முத்திரை இல்லாத பத்திரிகையைத் துணிந்து விற்றார். அபராதம் கட்ட மறுத்து, 1832-ல் நான்கு மாதம் சிறை சென்றார். சிறை சென்ற புத்தக வியாபாரி பிற்பாடு இரு முறை மேயரானார். மகாராணி திறக்க மறுத்த மண்டபத்தை அவர் திறந்தார். கோபுரத்திலுள்ள பெரிய மணிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

உள்ளே மாடிப்படி ஏறிப் பெரிய மண்டபத்தின் வாயிலை அடைந்தால், தரையில் சிறு சிறு கற்களால் தேனீக்களை இழைத்திருக்கிறார்கள். 1842-ல் நகரத்துக்குக் கிடைத்த சின்னத்திலும் பூகோளத்தின்மீது ஏழு தேனீக்கள் பறக்கின்றன. அதன் அடியில் "கன்ஸிலியோ எட் லபோரே" என்று லத்தீன் வாசகம் ஒன்று. "ஆலோசனையாலும் உழைப்பாலும்" என்று பொருள் கொள்ளலாம்.

"இந்த ஊரில் தொழிற்கட்சிதான் ஆளும் என்று அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது!" என்றோம்.

"உழைப்பு மிஞ்சியிருக்கிறது, ஆலோசனைதான் ஒரு பக்கமாகப் போய்விட்டது" என்றார் நண்பர்.

ஒரு மைதானத்தின் கதை

இப்போதைய நிலைமையை அறிவதற்கு முன்னால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் சென்னை நகரசபையைக் கும்பெனியார் 1688-லேயே ஏற்படுத்திவிட்டார்கள். மாஞ்செஸ்டருக்கோ 1838 வரையில் நகரசபையே கிடையாது. ஆலைகள் பெருகி, லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து நெருங்கிய பிறகும், ஊர் நிர்வாகத்தில் பழைய ஜமீன் கச்சேரி மிச்சமிருந்தது. பார்லிமெண்டில் மாஞ்செஸ்டருக்கென்று ஓர் அங்கத்தினரும் இல்லை.

"எங்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும்" என்று கேட்பதற்காக 1819-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி ஸெயிண்ட் பீட்டர் மைதானத்தில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். பலர் ஞாயிற்றுக்கிழமை உடுப்பணிந்து, குழந்தை குட்டிகளுடன் வந்திருந்தார்கள். ஹென்றி ஹண்ட் பேசுவதற்காக மேடை ஏறினார். மாஜிஸ்டிரேட்டுகள் அவரைக் கைதுசெய்ய உத்தரவிட்டார்கள். குதிரைப்படை உருவிய கத்தியுடன் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 15 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள்; நூற்றுக்கணக்கானவர்கள் காயமுற்றார்கள். நான்கு வருஷத்துக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வீரத்தைக் கேலி செய்து, இதற்குப் "பீட்டர்லூ" என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். சரியாக நூறு வருஷங்களுக்குப் பிறகு 1919-ல் ஜாலியன்வாலாபாக்கைக் கண்ட நமக்கு, அந்த இடத்தில் நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

அங்கே ஒரு சுவரில் முன்பு நீலப் பலகை ஒன்று இருந்ததாம். கூட்டம் ராணுவத்தால் "கலைக்கப்பட்டது" என்று அதில் எழுதியிருந்தார்கள். மனம் பொறாதவர்கள் கிளர்ச்சி செய்ததன்மேல், 2007-ல் சிவப்புப் பலகை வந்தது. ஆயுதம் தாங்கிய குதிரைப்படை ஜனங்களைத் "தாக்கியது" என்று அது ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது. ஒரு சொல்லை மாற்ற ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது!

வோட்டுக்காக ஸ்திரீகள் பட்ட பாடும் இந்த ஊரில் அதிகம். 1867-ல் லில்லி மாக்ஸ்வெல் என்ற கடைக்காரப் பெண்மணியின் பெயர் தவறுதலாக ஜாபிதாவில் ஏறிவிட்டது. அந்த அம்மாள் விடவில்லை. நேரே சாவடிக்குப் போய்ப் பார்லிமெண்டுத் தேர்தலில் வோட்டுப் போட்டுவிட்டு வந்தார். 1903-ல் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தம் போர்ச்சங்கத்தை ஆரம்பித்ததும் இங்கேதான். 1908-ல் மார்கரெட் ஆஷ்டன் இந்த நகரசபையின் முதல் பெண் அங்கத்தினர் ஆனார். முதல் உலக யுத்தத்தை அவர் எதிர்த்தபோது சபையில் அவருக்கு வசைதான் கிடைத்தது. பிற்பாடு அன்பர்கள் அவருடைய சித்திரத்தை எழுதுவித்துக் கொடுத்தபோது, நகரம் அதை ஏற்க மறுத்தது. தனித்து நிற்பவருக்கு மாஞ்செஸ்டரிலும் வாழ்வு சுகமாக இருந்ததில்லை.

வாழையடி வாழை

இனித் தேர்தல் முறைக்கு வருவோம். நகரத்தை 32 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வட்டத்துக்கு மூன்று பேர். ஆக மொத்தம் 96. ஒவ்வொருவருக்கும் நான்கு வருஷப் பதவி. ஆனால் எல்லோரும் சேர்ந்தாற்போல் வீட்டுக்குப் போவதில்லை. வருஷந்தோறும் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வட்டத்துக்கு ஒருவராக மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலுக்கு நிற்க வேண்டும். மூன்று வருஷம் இப்படி நடந்து, நாலாவது வருஷம் ஓய்வு. தாய் மரம் சாயும்போது கன்று தலையெடுக்கும் வாழைத் தோட்டத்தைப் போல், சபை ஒரு நாளும் அடியோடு மாறுவதில்லை.

காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரையில் சாவடி திறந்திருக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்ஸிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வரவேண்டியதுதான். நம் நண்பர் இந்தியப் பிரஜை. ஆயினும் அவருக்கும் வோட்டு உண்டு. அங்கே முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் தேசத்தார் எல்லோருக்கும் அந்த உரிமை இருக்கிறது. நம்மை ஆண்டவர்களின் ஊரில், தெருவைப் பெருக்குவது யார் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று நம்மவர் தீர்ப்புச் சொல்வதை நினைத்தபோது, சீமைத் துணியைக் கொளுத்திய பாட்டனார் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

ஆனால் இவ்வளவு இரத்தம் சிந்திப் பெற்ற வோட்டை எத்தனை பேர் போடுகிறார்கள்? மூன்றில் ஒரு பங்கினர்கூடச் சாவடிப் பக்கம் எட்டிப்பார்க்காத வருஷங்கள் உண்டு.

காலியான எதிர்வரிசை

தொழிற்கட்சி 1971 முதல் இந்த நகரத்தை ஆண்டுவருகிறது. நெடுங்காலம் அதற்குத் தக்க எதிரிகளும் இருந்தார்கள். 2008-ல் லிபரல் டெமாக்ரடிக் கட்சிக்கு முப்பதுக்கும் அதிகமான இடங்கள் இருந்தன. 2010-ல் லண்டனில் அந்தக் கட்சி கன்ஸர்வேடிவ்களுடன் கூடி மந்திரிசபை அமைத்தது. மாணவர்களின் கல்லூரிச் சம்பளத்தை உயர்த்தமாட்டோம் என்று வாக்களித்தவர்களே உயர்த்தவும் செய்தார்கள். மாஞ்செஸ்டரோ மாணவர்கள் நிறைந்த ஊர். லண்டனில் செய்த குற்றத்துக்கு மாஞ்செஸ்டரில் தண்டனை கிடைத்தது. அடுத்து வந்த மூன்று தேர்தல்களில், மூன்றில் ஒரு பங்காக, அந்தக் கட்சியார் அனைவரும் வெளியேறினார்கள். 2015 தேர்தல் முடிந்தபோது 96 இடங்களும் தொழிற்கட்சியின் வசம்!

அப்படியானால் நகரத்து ஜனங்கள் எல்லோரும் ஒரே கட்சிக்கு வோட்டுப் போட்டார்களா? இல்லவே இல்லை. பிற கட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ஆனால் வட்டத்தில் அதிக வோட்டு வாங்கிய அபேட்சகருக்கே இடம். மற்றவர்கள் வாங்கியதற்கு மதிப்பில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டாவதாக வருகிறவர், நகரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் பூஜ்யந்தான்.

2016-ல் டிட்ஸ்பரி மேற்கு வட்டத்தில் ஒருவர் வென்றார். ஜான் லீச் என்று பெயர். பத்து வருஷம் பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்து முந்திய வருஷந்தான் தோற்றவர். எதிர்க்கட்சித் தலைவர், எதிர்க்கட்சித் தொண்டர், எதிர்க்கட்சி எல்லாம் அவர் ஒருவரே!

பழைய மண்டபத்தை ஒட்டி 1938-ல் கட்டிய புதிய பகுதியில் சபை கூடும் அறை இருக்கிறது. நாம் சென்ற அன்று கூட்டம் இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றோம்.

"ஒருவரால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டோம்.

"தீர்மானம் கொண்டுவந்தால் ஆமோதிக்க இன்னொருவர் வேண்டும். அவருக்கு அதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்கலாம். கேட்டதற்கு நாலு பேர் அறியப் பதில் சொல்லியாக வேண்டுமே!" என்றார் நண்பர்.

ஆளும் கட்சியின் பக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். 1996-ல் சபைத் தலைவரான ரிச்சர்டு லீஸ் 2021 வரையில் அப்பதவியில் இருந்தார். அவர் வந்த அதே வருஷம் ஜூன் மாதத்தில் ஐரிஷ் புரட்சிக்காரர்களின் வெடிகுண்டு ஊரின் நடுப்பகுதியைச் சிதைத்தது. அது மீண்டும் எழுந்தது, நகரம் செழித்தது. ஊர் விமான நிலையத்தை நடத்தும் ஸ்தாபனத்தில் நகரசபைக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் சொந்தம். ஒரே கை தொடர்ந்து பிடித்ததால் கலப்பை நேராகப் போயிற்று என்பவர்கள் அங்கே அநேகர். கட்சிக்குள்ளேயே வாதப்பிரதிவாதம் நடக்கிறது என்றும் சொல்கிறார்கள். நடக்கலாம். ஆனால் அது கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. கதவைத் திறந்து சபைக்கு வரும்போது எல்லோரும் ஒரே பக்கம் கை தூக்குகிறார்கள். செலவைத் தணிக்கை செய்யும் கமிட்டியில் உட்காருகிறவர்கள், செலவு செய்தவர்களின் சிநேகிதர்கள். நல்லவர்களாயிருந்தாலும், இடித்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் காது மந்தமாகிவிடும். பீட்டர் மைதானத்தில் கூடியவர்கள் கேட்டது நல்ல எஜமானனை அல்ல. தங்கள் குரல் சபையில் ஒலிக்கவேண்டும் என்பதை.

நாம் ஊர் திரும்பிய பிறகும் மாஞ்செஸ்டர் தேர்தல் செய்திகளை ஆவலுடன் கவனித்துவந்தோம். 2018-ல் வட்டங்களின் எல்லையைத் திருத்தி, 96 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்தினார்கள். தொழிற்கட்சிக்கு 94, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 2. லீச்சுக்கு ஆமோதிக்க ஆள் கிடைத்துவிட்டது! 2021-ல் பசுமைக் கட்சிக்காரர் ஒருவர் நுழைந்தார். 2024 மே மாதத்தில், காஸா யுத்தத்தைப் பற்றிய கோபம் கொதித்திருந்த லாங்ஸைட் வட்டத்தில், சபையின் துணைத் தலைவரே ஒரு சிறு கட்சியின் அபேட்சகரிடம் தோற்றுப்போனார். அசைக்க முடியாது என்று நினைத்த கோட்டையின் சுவரில் பென்ஸிலால் போட்ட பெருக்கல் குறி விரிசல் உண்டாக்கிவிட்டது.

அன்று மாலை நாம் சதுக்கத்தைவிட்டுப் புறப்பட்டபோது கோபுரத்து மணி அடித்தது. ஏபெல் ஹேவுட்டின் மணி. முத்திரையில்லாத பத்திரிகையை விற்கப் புறப்பட்ட நாளில் அவரும் தனி ஆள்தான். அந்த ஓசையைக் கேட்டபோது, நம் ஊரில் அடுத்த நகரசபைத் தேர்தலன்று மழை பெய்தாலும் சரி, வெயில் கொளுத்தினாலும் சரி, வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டோம். நண்பர் அதைக் குடைக்குள்ளிருந்தபடியே ஆமோதித்தார்.