கோயமுத்தூரும் என் குரலும்

கோயமுத்தூர் என்றதும் சிறுவாணித் தண்ணீரைச் சொல்வார்கள். அடுத்தபடியாக மரியாதைப் பேச்சைச் சொல்வார்கள். அந்தப் பேச்சோடு எனக்குள்ள சொந்தம் கொஞ்சம் வேறு மாதிரி. நான் ஒரு திருநங்கை, ஊர் சிங்காநல்லூர்.

மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "ஏனுங்க, மல்லி எவ்வளவுங்க?" "வாங்க அம்மணி, கால் கிலோ போடட்டுங்களா?" விலை பேசுவதுகூட ஏறி இறங்கி, இழுத்து முடியும். புடவையும் பொட்டுமாக நிற்கிறவரை நானும் அம்மணிதான். வாயைத் திறந்தால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து பல வருஷம் விரலைக் காட்டியே பூ வாங்கியிருக்கிறேன்.

போனில் இன்னும் கஷ்டம். 2008ல் நம் மாநிலத்தில் நலவாரியம் வந்தது. 2014ல் உச்ச நீதிமன்றம், தாம் யார் என்று அவரவரே சொல்லலாம் என்றது. எல்லாம் சரி, அடையாள அட்டையைப் போனில் காட்ட முடியுமா? "சொல்லுங்க சார்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பையன்களுக்கு மகரக்கட்டு வருகிறதல்லவா, அப்போது குரல் நாண்கள் நீண்டு தடித்துவிடுகின்றன. பிற்பாடு பெண் ஹார்மோன் எடுத்தாலும் தடித்தது மெலியாது. சாதாரணமாக ஆண் குரலில் நாண்கள் விநாடிக்குச் சுமார் 120 தடவை அதிர்கின்றன. பெண் குரலில் சுமார் 200. (பெண்ணாய்ப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு மருந்திலேயே குரல் கட்டையாகிவிடும். அதில் அவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள்!) அந்த வயசில் உங்கள் வீட்டுப் பிள்ளை பேச்சைக் குறைத்தால் கேலி செய்யாதீர்கள். பலருக்கு வெறும் கூச்சம்; சிலருக்கு அது கூச்சமில்லை.

எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா முதல் நாளே எச்சரித்தார்: "கள்ளக்குரலில் கீச்சென்று பேசாதீங்க, தொண்டை கெட்டுவிடும்." வாயை மூடி 'ம்ம்' என்று முணுமுணுக்க வேண்டும், அதிர்வு நெஞ்சில் இல்லாமல் உதட்டிலும் மூக்கிலும் தெரிய வேண்டும். நடுநடுவே தண்ணீர். தொண்டை களைத்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சுருதியை உயர்த்துவது ஒரு பங்கு. வார்த்தையை ஏற்றி இறக்கிச் சொல்வது இன்னொரு பங்கு. "அது உங்க ஊர்ப் பேச்சிலேயே இருக்குதே, அந்த 'ங்க'வைக் கொஞ்சம் மேலே தூக்கி விடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. மலைத்துப் போனேன். எங்கள் பாட்டி பேசியதெல்லாம் பாடமாகிவிட்டது!

டி.கே.சண்முகம் ஆளாகி வளர்ந்த பிறகுதான் மேடையில் ஔவைப் பாட்டியாகப் பேசி நடித்து, 'ஔவை' சண்முகம் என்றே பெயர் வாங்கினார். அவர் திரை இறங்கியதும் வேஷத்தைக் கலைத்துவிடலாம். எனக்கு வேஷமும் இல்லை, திரையும் இல்லை.

எங்கள் சிங்காநல்லூரில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. அரவானை மணக்கக் கிருஷ்ணன் மோகினியாக வந்த கதையைச் சின்ன வயசில் அங்கேதான் கேட்டேன். "மோகினி குரல் எப்படி இருந்திருக்கும் பாட்டி?" என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருந்திருக்கும், போ கண்ணு" என்றாள்.

ஒன்றரை வருஷமாகப் பயிற்சி நடக்கிறது. கட்டைக் குரலே போதும் என்று இருக்கிற தோழிகளும் உண்டு. அது அவரவர் இஷ்டம். போனில் இன்னும் பாதிப் பேர் "சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "சார் இல்லீங்க, அம்மணிங்க" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சிலர் "மன்னிச்சுக்குங்க" என்கிறார்கள். சிலர் பட்டென்று வைத்துவிடுகிறார்கள், மறுபடி கூப்பிடுகிறேன்.